வாங்கிய சிறகும் வளர்த்த சிறகும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களின் எல்லையில், ஐயனார் கோயில்களிலே, சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்பதைக் காண்கிறோம். ஆளுயரத்திற்கு மேற்பட்ட குதிரையை ஒரே மூச்சில் வனைந்துவிட இயலாது. காலும் உடலும் கழுத்தும் தலையும் பகுதி பகுதியாக உருப்பெற்று ஒன்றாக இணைதல் வேண்டும். எம்மண் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைத் தந்தை மகனுக்குக் கற்பிக்கிறார். அக்கல்வி ஒரு தலைமுறையில் அறுந்துபோனால், அடுத்த தலைமுறை குதிரையை விலைக்கு வாங்கவேண்டியதுதான். வானூர்தித் தொழிலுக்கும் இவ்விதி பொருந்தும்.

விமானப் படைக்குப் போர் விமானங்களே போதும் எனச் சிலர் எண்ணுவர். படையையும் உணவையும் மருந்தையும் சுமந்து செல்லும் விமானங்கள் இல்லையேல், போர் விமானங்களால் மட்டும் நாட்டைக் காக்க இயலாது. 1947 அக்டோபர் 27 அன்று டகோட்டா விமானங்கள் நம் வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கின. காஷ்மீரப் பள்ளத்தாக்கைக் காத்ததில் அவ்விமானங்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அவை அமெரிக்க நாட்டில் ஆனவை.

இத்தகைய விமானங்களை நாமே கட்டவேண்டும் என்னும் விருப்பத்தால் 1960இல் கான்பூரில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. பிரிட்டனில் வடிவமைத்த ஆவ்ரோ 748 விமானத்தை உரிமை பெற்று நம் தொழிலாளர் அங்கே கட்டினர். முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று வானில் எழுந்தது. விமானப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்குச் ‘சுப்ரதோ’ என்று பெயரிட்டனர். மொத்தம் 89 விமானங்கள் கான்பூரில் உருவாயின.

இது பெருமைக்குரிய செயலே. எனினும் அதில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, தேர்வில் நேர்ந்த குறை. ஆவ்ரோ பயணிகளுக்கென அமைந்த விமானம். வண்டிகளை நேரே ஏற்றுதற்குரிய சாய்கதவு அதன் பின்புறத்தில் இல்லை. ஆகவே 1963இல் காரிபூ விமானங்களைப் பெறவேண்டியதாயிற்று. இரண்டாவது, தொடர்ச்சியில் நேர்ந்த குறை. கட்டக் கற்ற நாம் அடுத்த படைப்போக்குவரத்து விமானத்தை நாமே வடிவமைக்கவில்லை. 1984 முதல் சோவியத் நாட்டின் ஆன்-32 விமானங்களை வாங்கினோம். அவற்றைப் புதுப்பிக்க 2009இல் உக்ரைனுடன் ஒப்பந்தம் செய்தோம். 2014இல் அந்நாட்டுக்கும் ரஷ்யாவுக்கும் பகை மூண்டது. நம் பணியும் தடைப்பட்டது. எங்கோ எழுந்த பகை நம் விமானக் கொட்டகையை வந்து தீண்டியது!

இவ்விமானங்கள் சுமப்பது வெறும் பொருளையன்று. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து அந்தமான் நோக்கிச் சென்ற ஆன்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகள் கிடைத்த செய்தி 2024இல்தான் வெளிவந்தது. இத்துயரின் காரணத்தை நாம் ஊகித்தல் முறையன்று. ஆயினும் இத்தனை உயிர்கள் நம்பி ஏறும் பொறியை அடிமுதல் நுனிவரை அறிந்தவர் நம் நாட்டிலேயே இருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

எல்லாவற்றையும் நாமே செய்தால் செலவு மிகாதோ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சி-17 போன்ற பெருவிமானம் 11 மட்டுமே பெற்றோம். அதனை வாங்கியதே அறிவுடைமை. பல பத்துக் கணக்கில் வேண்டுவனவற்றையோ நாம் கட்டியே ஆகவேண்டும்.

2021இல் சி-295 விமானங்கள் 56 பெற ஒப்பந்தமாயிற்று. அவற்றுள் 16 ஸ்பெயினில் ஆனவை. 40 இந்தியாவில் ஆகவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கான வதோதராத் தொழிற்சாலை 2024 அக்டோபர் 28 அன்று திறப்பு விழாக் கண்டது. இவ்விமானத்திற்குப் பின்புறச் சாய்கதவு உண்டு. தேர்வில் பாடம் கற்றுவிட்டோம். ஆனால் இதன் வடிவம் ஸ்பெயினுடையது. எஞ்சின் கனடா நிறுவனத்துடையது. நாற்பதாவது விமானம் பறந்த அன்றே அத்தொழிலாளரின் கைத்திறனைக் கலைந்துபோக விடலாகாது. அடுத்த விமானத்தின் வரைபடம் நம் மேசையிலே பிறக்கவேண்டும்.

மாணவர்களே! கணக்கும் பௌதிகமும் தேர்வுக்காக மட்டும் கற்பனவல்ல. அவ்வரைபடத்தைத் தீட்டப்போகும் கைகள் உங்களுடையனவாக இருக்கலாம். வனையும் கை ஓயாதிருக்கும் ஊரில், ஐயனாருக்குக் குதிரை என்றும் குறைவதில்லை.