காப்பக விதியும் பெற்றோர் கவலையும்

நோயுற்ற குழவியை வீட்டில் இருத்துக என்னும் விதியை வெறுப்பார் யார்? ஆயினும் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குழந்தைக் காப்பகங்களில் அவ்விதியே பெற்றோர்க்குப் பெருஞ்சுமையாயிற்று.

2021 டிசம்பரில் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நடுவம், நோயுற்றோர் தனித்திருக்கும் காலத்தை 10 நாளினின்று 5 நாளாகக் குறைத்தது. அதன்பின் 5 நாள் முகக்கவசம் அணிக என்றது. இரண்டு வயது நிரம்பாச் சேய் கவசம் அணியுமோ? ஆதலின் பல காப்பகங்களில் மழலையர்க்கு 10 நாளே நிலைத்தது. ஐந்து வயதிற்குட்பட்டோர்க்குத் தடுப்பூசியும் 2022 ஜூனில்தான் இசைவு பெற்றது. தந்தை பணிக்கு மீளலாம். மகவு காப்பகத்திற்கு மீளலாகாது. ஒரு சேய்க்கு நோய் காணின், நலமுற்ற ஏனைய சேய்களும் பல இடங்களில் வீட்டிலிருக்க நேர்ந்தது. வேலை போயிற்று, கட்டணமோ பல இடங்களில் நிற்கவில்லை.

இதனால் விதியே தீதென்று சிலர் வெகுண்டனர். யாம் அங்ஙனம் கருதோம். குழவிகளை ஏந்தி வளர்க்கும் ஆசிரியையர்க்கும் உயிரும் குடும்பமும் உளவன்றோ? குறை பிறிதோரிடத்தது. காப்பகம் மூடப்பட்டமையாற் பணிக்குச் செல்லவியலாத பெற்றோர் பலர்க்கு ஊதியத்துடன் விடுப்பளிக்குமாறு 2020இல் அந்நாட்டரசு சட்டஞ் செய்தது. அவ்வாண்டின் இறுதியோடு அக்கட்டாயம் ஒழிந்தது. தனித்திருக்கும் விதியோ ஒழிந்திலது. நாட்கூலி பெறும் தாய், குழவியின் அருகிருந்தாற் கூலியிழந்தாள். பணிக்குச் சென்றாற் குழவியை விடுதற்கு இடங்காணாள்.

ஊர் நலத்திற்காக ஒரு வீடு வருந்துமாயின், அவ்வீட்டை ஊர் தாங்குதலே அறம். விதி வகுப்போர் விடுப்பையும் உடன் வகுப்பாராக.