இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்குமா? கனடா சமவெளியின் மரக் கட்டடங்களைப் படமெடுப்பது எப்படி?

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஃப்ளெமிங் என்று ஒரு சிற்றூர். அங்கே 1895-ல் கட்டிய ஒரு மரத் தானிய எலிவேட்டர் இருந்தது. நாட்டில் மிச்சமிருந்தவற்றிலேயே மிகப் பழையது அதுதான். 2010 பிப்ரவரியில் தீப்பிடித்துச் சாம்பலானது. இனி அதைப் படத்தில் மட்டும்தான் பார்க்க முடியும்.

எலிவேட்டர் என்றதும் லிஃப்ட் என்று நினைக்க வேண்டாம். விவசாயி வண்டியில் கொண்டு வரும் கோதுமையை, சின்னக் கிண்ணங்கள் கோத்த பெல்ட் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகும். அங்கிருந்து அது அறை அறையாகக் கொட்டப்பட்டு, பிறகு ரயில் பெட்டிக்குள் இறங்கும். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, ஆணியடித்து எழுப்பிய கோபுரம் இது. பக்கச் சுவரில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்.

குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒன்றாக, 1930-களில் மூன்று சமவெளி மாகாணங்களிலும் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தன. லாரிகள் வந்தன, பெரிய கான்கிரீட் கிடங்குகள் வந்தன. 1995-ல் தானிய ரயில் கட்டணத்துக்கான அரசு மானியமும் நின்றது. கிளைப் பாதைகள் மூடப்பட, எலிவேட்டர்களும் வரிசையாக இடிக்கப்பட்டன. மனிடோபாவின் இங்கிலிஸ் கிராமத்தில் ஒரே வரிசையில் நிற்கும் 5 எலிவேட்டர்களுக்கு மட்டும் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற பாதுகாப்பு கிடைத்தது.

தேவாலயங்களின் கதையும் இதேதான். 10 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் நிலம் என்ற அறிவிப்பை நம்பி உக்ரைனிலிருந்து வந்த குடும்பங்கள், வெங்காய வடிவக் குவிமாடத்தோடு மரத்தில் கோயில் கட்டிக்கொண்டன. குக்ஸ் க்ரீக் ஊரில் பாதிரியார் பிலிப் ரூ வடிவமைத்த பெரிய தேவாலயத்தை, ஊர் மக்களே கைகொடுத்து 1930-ல் தொடங்கி 1952-ல் முடித்தார்கள். இப்போது பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பல சின்னக் கோயில்களில் வருடத்துக்கு ஓரிரு முறைதான் வழிபாடு.

சரி, போனை எடுத்துக்கொண்டு கிளம்பினால் என்ன செய்வது?

மாலையில் போங்கள். உக்ரைனியக் கோயில்களின் பலிபீடம் பெரும்பாலும் கிழக்கே, வாசல் மேற்கே. அதனால் சாயங்கால வெயில் நேராக முகப்பில் விழும். ஜூனில் வின்னிபெக் பக்கம் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை தாண்டும். அவசரமே வேண்டாம்.

தள்ளி நில்லுங்கள். கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் விழும். அல்ட்ரா வைடு வேண்டாம். நூறடி பின்னால் போய், 2 மடங்கு ஜூம் வையுங்கள். கிரிட் கோடுகளை ஆன் செய்து, அடிவானத்தை நேராக்குங்கள்.

நாலு பக்கமும் எடுங்கள். அழகான ஒரு படம் உங்களுக்கு. மற்ற மூன்று பக்கம், கதவுக் கீல், ஜன்னல், மணிக்கூண்டு, சுற்றியுள்ள வயல் எல்லாம் நாளைக்கு இந்தக் கட்டடத்தைத் தேடப்போகிறவர்களுக்கு.

கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பாழடைந்து கிடந்தாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. உளுத்த பலகைத் தரை ஆளோடு இறங்கிவிடும். பூட்டியிருந்தால் வெளியிலிருந்தே எடுங்கள். காவலில்லாத கட்டடமென்றால், சரியான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

குளிரில் கவனம். மைனஸ் 30-ல் போன் பேட்டரி சட்டென்று இறங்கும். கோட்டின் உள்பையில் வைத்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு படத்தோடும் ஊர், தேதி, எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். லைக் வாங்கிய படம் இரண்டு நாளில் கீழே போய்விடும். பெயரும் தேதியும் உள்ள படம், கட்டடம் போன பிறகும் வேலை செய்யும்.

வின்னிபெக்கிலோ ரெஜைனாவிலோ உறவினர்கள் இருக்கிறார்களா? இந்த லிங்க்கை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அடுத்த கோடைவரை எல்லாமே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.