விருந்தில் பரிமாறப்பட்ட ‘பொய்’

ஹவாய்த் தீவுகள் என்றதும் எங்களூரவர் பலருக்கு நினைவில் வருவது கடற்கரையோ எரிமலையோ அன்று. காவாய்த் தீவிலுள்ள சைவ ஆதீனந்தான். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளைக் குருவாகக் கொண்ட அமெரிக்கத் துறவி சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் 1970ஆம் ஆண்டில் நிறுவிய ஆதீனம் அது. அங்கு 2023இல் குடமுழுக்குக் கண்ட இறைவன் கோவிலைத் தரிசிக்க வேண்டும் என்பது என் தமக்கையாரின் நீண்டநாள் ஆசை. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது நிறைவேறியது.

திரும்பும் வழியில் தலைநகர் ஹொனலுலு அமைந்துள்ள ஒவாஹுத் தீவில் இரண்டு இரவுகள் தங்கினோம். அமெரிக்காவில் தொழில் பார்க்கும் என் மருமகன் எங்களிடம் ஒரு வார்த்தையும் கேளாமலே ‘லூவாவ்’ விருந்துக்கு மூன்று அனுமதிச் சீட்டுகளை வாங்கி வைத்திருந்தான். தலைக்கு 160 டொலர். “ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அம்பதாயிரம் ரூபாயோ தம்பி?” என்று தமக்கையார் திகைத்தார். “ஹவாய்க்கு வந்து லூவாவ் பார்க்காமல் போனால் சனம் சிரிக்கும் மாமா” என்று அவன் என்னைத் துணைக்கு இழுத்தான். பத்திரிகைக்காரனுக்குரிய ஆவலில் நானும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

கடற்கரையை ஒட்டிய ஹோட்டலொன்றின் புல்வெளியில் நீண்ட மேசைகள் போடப்பட்டிருந்தன. சில நூறு பேர் இருப்பார்கள். வாசலில் ஓர்க்கிட் மாலை அணிவித்தார்கள். கையில் அன்னாசித் துண்டு செருகிய மதுக்கிண்ணத்தைத் தந்தார்கள். நாங்கள் மூவரும் மதுவை விடுத்துப் பழச்சாறு கேட்டு வாங்கிக்கொண்டோம். கதிரவன் கடலில் இறங்கும் வேளையில் சங்கு ஊதப்பட்டது. ‘ஈமு’ எனப்படும் நிலக்குழி அடுப்பின் மண்ணை இருவர் விலக்கினர். சூடேற்றிய கற்களின்மேல், இலைகளால் மூடப்பட்டு மணிக்கணக்காக வெந்த முழுப் பன்றி வெளியே வந்தது. எல்லோரும் கைத்தொலைபேசிகளைத் தூக்கிப் பிடித்தனர். இத்தனை பேருக்கும் ஒரு பன்றி எப்படிப் போதும் என்று கேட்டேன். “மிச்சம் குசினியில் வெந்திருக்கும் மாமா” என்றான் மருமகன்.

கோவிலுக்குப் போய் வந்தவர்கள் என்பதால் நாங்கள் மாமிசம் உண்ணவில்லை. தக்காளியும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்த சால்மன் மீன், கோழி, மக்கரோனிச் சலாது, தேங்காய்ப்பாற் களி என்று அடுக்கப்பட்டிருந்தவற்றில் எங்களுக்கு ஆனவை சிலவே. சால்மன் ஹவாய்க் கடலின் மீனன்று. அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலிருந்து உப்பிட்ட பீப்பாய்களில் 19ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய உணவு அது. அவற்றின் நடுவே சிறு கிண்ணங்களில் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் ஒரு கூழ் இருந்தது. அதன் பெயர் ‘பொய்’. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் மொழியில் உண்மைக்கு எதிர்ச்சொல் எப்படி ஒலிக்கிறதோ, ஏறத்தாழ அப்படியே அவர்களும் அதை உச்சரிக்கிறார்கள். அவித்த சேம்பங்கிழங்கை நீர் தெளித்துக் கற்குழவியால் இடித்துச் செய்வது; ஓரிரு நாள் வைத்தால் பழங்கஞ்சிபோலப் புளிக்கும்.

மேடையில் நின்ற அறிவிப்பாளர் நகைச்சுவையில் வல்லவர். எங்களை ‘அலோஹா’ என்று மூன்று முறை கத்தவைத்தார். பிறகு அந்தக் கூழைப் பற்றிப் பேசினார். சுவரில் காகிதம் ஒட்டுவதற்கு இதைவிடச் சிறந்த பசை கிடையாது, வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றார். புல்வெளியே சிரித்தது. ‘பொய்’ என்ற பெயரை நினைத்து ஏற்கெனவே மனத்துக்குள் நகைத்துக்கொண்டிருந்த நான் மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே சிரித்தேன்.

எங்கள் மேசைக்குப் பரிமாறிய முதிய பெண்மணி ஹவாய்ப் பூர்வகுடியினர். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவுமில்லை. வெறுங்கிண்ணங்களை எடுத்துக்கொண்டே, “எங்கள் வீட்டில் இந்தக் கிண்ணம் திறந்திருக்கும்போது யாரும் சண்டை போடக்கூடாது; என் பாட்டி விடமாட்டார்” என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “இது எங்களுக்கு மூத்தவர்” என்றார். அடுத்த மேசையிலிருந்து அழைப்பு வரவே போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லின் பொருளை அன்றிரவு அறையில் இணையத்தைத் துழாவித்தான் அறிந்துகொண்டேன். வானத் தந்தை வாகேயாவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் பிறந்த முதற் பிள்ளை உயிரின்றிப் பிறந்தது. அதைப் புதைத்த இடத்தில் முளைத்ததே சேம்பு. அடுத்துப் பிறந்த ஹாலோவாவே ஹவாய் மக்களின் மூதாதை. ஆகவே சேம்பு அவர்களுக்குப் பயிர் மட்டுமன்று, அண்ணன். தம்பி அண்ணனைப் பேணவேண்டும், அண்ணன் தம்பிக்குச் சோறு போடுவான் என்பது அவர்கள் மரபு. கரும்புத் தோட்ட முதலாளிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடைகளை மறித்து வாய்க்கால் வெட்டி நீரைத் தங்கள் பக்கம் திருப்பியபோது வறண்டுபோனவை இந்தச் சேம்பு வயல்களே. அந்த அண்ணனைத்தான் அன்று மாலை நாங்கள் பசை என்று சொல்லிச் சிரித்தோம்.

‘லூவாவ்’ என்ற சொல்லே சேம்பின் இளம் இலையைக் குறிப்பது. அந்த இலையைத் தேங்காய்ப்பாலில் சமைத்து விருந்தில் வைப்பார்கள். கறியின் பெயர் பின்னர் விருந்துக்கே ஆகிவந்தது. எங்கள் மேசையில் அந்த இலைக்கறி வைக்கப்படவேயில்லை. லூவாவ் விருந்தில் லூவாவ் இல்லை!

இந்த விருந்துக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஹவாயில் ‘கபு’ எனும் விலக்கு முறை கோலோச்சியது. ஆணும் பெண்ணும் ஒருங்கிருந்து உண்ணலாகாது. பன்றி இறைச்சியும் தேங்காயும் பெரும்பாலான வாழைப்பழ வகைகளும் பெண்களுக்கு விலக்கு. மீறினால் மரண தண்டனை வரை உண்டு. 1819ஆம் ஆண்டில், முதலாம் கமேஹமேஹா மறைந்து சில மாதங்களில், அவர் மகன் லிஹோலிஹோ மன்னர் பெண்களுடைய மேசையில் அமர்ந்து வெளிப்படையாக உண்டார். அதற்கு முன்னின்று தூண்டியவர்கள் அரசமாதர் இருவர், காஅஹுமனுவும் கெயோபுவோலானியும். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோடு பழைய விலக்கு முறை சரிந்தது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ‘சமாசனம், சமபோசனம்’ என்ற கோரிக்கை எத்தனை கொந்தளிப்பை உண்டாக்கிற்று என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மேசையொன்றின் வழிவந்த விருந்தில் நாங்கள் அமர்ந்திருந்தோம். அதை எங்களுக்குச் சொல்வார் ஒருவருமில்லை.

உணவுக்குப் பின் ஆடல்கள் தொடங்கின. தஹீட்டித் தீவின் இடுப்பாட்டம், நியூசிலாந்து மாவோரிகளின் ஹாக்கா, முத்தாய்ப்பாகச் சமோவாவின் தீக்கத்தி ஆட்டம். அந்தக் கத்தியில் முதன்முதலில் தீ மூட்டப்பட்டது 1946இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் என்கிறார்கள். பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பசிபிக் பெருங்கடலின் பாதியைச் சுருட்டி ஒரே மேடையில் ‘ஹவாய்’ என்று காட்டியது, பரதத்தையும் கதகளியையும் கண்டி நடனத்தையும் ஒரே ஊரின் ஆட்டங்கள் என்று காட்டுவதற்குச் சமம்.

இடையில் ஐந்து நிமிடம் மட்டும் வேறொன்று நிகழ்ந்தது. இருபது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி சுரைக்குடுக்கை வாத்தியத்தைத் தரையில் தட்டியபடி, தன் மொழியில் நெடிய ஓதலொன்றைப் பாடினாள். பின்னால் அறுவர் ஹூலா ஆடினர். புன்னகை இல்லை, இடுப்பு ஒடிப்பு இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் கை பொருள் சொல்லிற்று. மொழிபெயர்ப்பு எதுவும் தரப்படவில்லை. பலர் அந்த நேரத்தில்தான் இனிப்பு எடுக்க எழுந்து போனார்கள்.

நிகழ்ச்சி முடிந்தபின் வாசலில் பயணிகளோடு படமெடுத்துக்கொள்ள நின்ற அந்தப் பெண்ணிடம், இந்த மொழியை எங்கே கற்றாய் என்று விசாரித்தேன். பாடசாலையில் என்றாள். அவளுடைய பூட்டியார் அதே மொழியைப் பாடசாலையில் பேசியதற்காக அடி வாங்கியவர், பாட்டியாருக்கு அந்த மொழி தெரியாது, தாயாருக்கும் தெரியாது. “வீட்டில் எனக்கும் தம்பிக்கும்தான் தெரியும்” என்றாள்.

1893 ஜனவரி 17ஆம் திகதி அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, வெள்ளை வணிகர் குழுவொன்று அரசி லிலியுஒகலானியைப் பதவியிலிருந்து இறக்கிற்று. மூன்றாண்டுகளில், 1896இல், பாடசாலைகளின் போதனா மொழி ஆங்கிலமே என்று சட்டம் வந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1978இல்தான் மாநில யாப்பு ஹவாய் மொழியையும் ஆட்சி மொழியாக ஏற்றது. 1984இல் சிறு குழந்தைகளுக்கான முதலாவது ஹவாய் மொழிப் பள்ளி திறக்கப்பட்டது. அது திறக்கப்பட்டதும் ஆதீனம் அமைந்துள்ள அதே காவாய்த் தீவிலேதான். 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்ட நிழலில் பிறந்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தப் பெண்ணின் ஓதலை இனிப்புக்காக எழுந்துபோனவர்களைப்போல என்னால் கேட்க முடியவில்லை.

ஹவாய்ப் பண்பாட்டை விலைப்பொருளாக்கிய உல்லாசப் பயணத் துறையை வாழ்நாள் முழுதும் சாடியவர் பேராசிரியை ஹவுனானி கே டிராஸ்க். 2021இல் காலமான அவர், வரவேண்டாம் என்றே பயணிகளைக் கேட்டுக்கொண்டவர். அவரது சினத்துக்குக் காரணம் உண்டு. 1937 முதல் 2002 வரை வைக்கிக்கியில் கோடாக் நிறுவனத்தின் பெயரால் ஹூலாக் காட்சி நடந்தது; பயணிகளின் புகைப்படச் சுருளுக்கு வெளிச்சம் வேண்டுமென்பதற்காகப் பகலில் நடந்தது. யாருடைய கண்ணுக்காக ஆடப்பட்டது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

இதையெல்லாம் காலை உணவின்போது நான் பொரிந்து தள்ளியதும் மருமகன் மறுத்தான். “மாமா, சனம் வருசம் முழுக்க வேலை செய்து களைத்து நாலு நாள் ஓய்வெடுக்க வருகுது. அதுகளுக்குச் சரித்திர பாடம் நடத்தச் சொல்லுறியளோ? லூவாவ் இல்லையெண்டால் அந்தப் பெட்டை எங்கை போய் உழைக்கிறது?”

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. கண்டியில் மாலைதோறும் பயணிகளுக்காக ஆடும் கலைஞர்களை நான் அறிவேன். கொஹொம்ப கங்காரிய என்ற சடங்கிலிருந்து பிறந்த ஆடலை ஒரு மணி நேரக் காட்சியாகச் சுருக்கியதை மேதாவிகள் குறை சொல்லலாம்; அந்தச் சீட்டுப் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. கலையை விற்பது பாவம் என்று சொல்லும் உரிமை, செய்தியை விற்றுச் சீவித்த எனக்குக் கிடையாது.

ஆனால் ஒன்றை விற்பதும் அதை ஏளனம் செய்து விற்பதும் ஒன்றாகா. அந்த அறிவிப்பாளரிடம் நான் வரலாற்றுச் சொற்பொழிவு கேட்கவில்லை. பசை என்று சொன்ன அரை நிமிடத்தில், “இது எங்கள் மூத்தவர், இந்தக் கிண்ணம் திறந்திருக்கும்வரை எங்களில் எவரும் சண்டை போடமாட்டோம்” என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டு எந்தப் பயணியும் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கமாட்டான். மாறாக, அந்தக் கூழை ஒரு விரலாவது தொட்டுச் சுவைத்திருப்பான். விருந்தினரைச் சிரிக்கவைக்க வீட்டு மூத்தவரைக் கேலிப்பொருளாக்கவேண்டும் என்று அந்தத் தொழிலுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? சிரித்த நாங்கள்தான். பொறுப்பில் பாதி மேடையிலிருக்கிறது, மீதி மேசையிலிருக்கிறது.

நிகழ்ச்சியின் முடிவில் எங்களை எழுந்து நின்று கைகோக்கச் செய்து ‘அலோஹா ஓயே’ பாடினார்கள். அதை இயற்றியவர் அரசி லிலியுஒகலானி. அதையும் அறிவிப்பாளர் சொல்லவில்லை. மறுநாள், விமானத்துக்கு நேரமிருந்ததால், நகரின் நடுவிலுள்ள இயோலானி அரண்மனைக்குப் போனோம். 1895இல் அரசியை ஏறத்தாழ எட்டு மாதங்கள் சிறைவைத்த அறை மேல்மாடியில் இருக்கிறது. அங்கிருந்த நாட்களில் அவர் தைத்த துணி விரிப்பு அங்கேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நூறாண்டு கழிந்து, 1993 நவம்பரில், அந்தக் கவிழ்ப்புக்காக அமெரிக்கக் காங்கிரஸ் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்ற, ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்டார். நாடு மட்டும் திரும்பி வரவில்லை.

தமக்கையார் அந்த விரிப்பின் முன்னால் நெடுநேரம் நின்றார். “ராத்திரிப் பாடினது இந்த மனிசியின்ரை பாட்டோ?” என்று கேட்டார். ஆமென்றேன். “ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார்.

ஹவாய்க்குப் போகும் வாய்ப்புப் பெற்ற வாசகர்கள் லூவாவுக்குப் போகவேண்டாம் என்று நான் எழுதப்போவதில்லை. போங்கள். ஆனால் முதல்நாள் அரண்மனையைப் பார்த்துவிட்டு, மறுநாள் மாலை விருந்துக்குப் போங்கள். ஓதல் தொடங்கும்போது இருக்கையை விட்டு எழாதீர்கள். அந்தச் சாம்பல்நிறக் கூழை மறுக்காமல் உண்ணுங்கள். சிரித்து முடித்தபின் நான் உண்டேன். புளிப்பும் மண்வாசமும் கலந்த சுவை அது. அன்றைய மேசையில் ‘பொய்’ என்ற பெயரோடு இருந்த அது ஒன்றுதான் மெய்.