சீரக விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். மல்லியைத் தையிலேயே களம் சேர்ப்போம்

2023-ஆம் ஆண்டு குஜராத்தின் உஞ்சா சந்தையில் சீரகம் குவிண்டால் ரூ.60,000-ஐத் தாண்டியது. ‘நம் நிலத்தில் சீரகம் வருமா?’ என்ற கேள்வி அப்போது பல விவசாயிகளுக்கு எழுந்தது. ஆனால் குஜராத்தில் அடுத்த பருவத்தில் சீரகப் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. 2024 மார்ச்சில் புது வரத்து வந்தபோது விலை பாதிக்கும் கீழே போனது. விலையைப் பார்த்து விதைத்தவர்கள் அந்த விலைக்கு விற்க முடியவில்லை.

மதுரைக்கு ஏற்றது எது?

சீரகத்துக்கு நல்ல குளிரும் ஈரமில்லாத காற்றும் தேவை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் மதுரைச் சமவெளிக்கு அது ஒத்துவராது. திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர் பகுதிக் கரிசல் மண்ணில் மானாவாரியாக வரும் விதை மசாலாப் பயிர் மல்லிதான். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் 35-40 நாளில் கீரையாகவே பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பலாம்.

விலை எங்கே முடிவாகிறது?

மல்லிக்கு அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டியிலும் குஜராத் சந்தைகளிலும் வரத்து கூடினால் விருதுநகர் மண்டியிலும் விலை இறங்கும். ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வரும் இறக்குமதி மல்லியும் போட்டிக்கு நிற்கிறது. வட மாநில அறுவடை மாசி, பங்குனியில்தான் சூடுபிடிக்கும். அதற்கு முன் நம் மல்லி களத்துக்கு வந்தால் வரத்து குறைவான நேரத்தில் விற்கலாம். புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் வார ஈரத்தில் விதைத்தால் தையில் அறுவடை. கார்த்திகைக்குத் தள்ளினால் வடக்கத்தி மல்லியோடு சேர்ந்தே விற்க வேண்டிவரும். பின்பருவப் பயிரில் அசுவினியும் சாம்பல் நோயும் கூடுதலாகத் தாக்கும்.

விதைப்புக்கு முன்

- மானாவாரிக்கு ஏக்கருக்கு 8-10 கிலோ விதை. இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும்.
- லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கலந்த நீரில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் வறட்சியைத் தாங்கும்.
- வாடல் நோய் வந்த நிலமானால், டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழு உரத்துடன் கலந்து இடவும்.
- சாம்பல் நோய் தென்பட்டதும் ஏக்கருக்கு 400 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கவும்.

மானாவாரியில் ஏக்கருக்கு 120-160 கிலோதான் சராசரி மகசூல். இவ்வளவு குறைந்த மகசூலில் லாபம் காண, தரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் விலையை விட்டுவிடக் கூடாது.

ஹாங்காங் தடையும் நம் களமும்

2024 ஏப்ரலில் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி ஹாங்காங் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. அந்தப் பட்டியலில் சாம்பார் பொடியும் ‘மெட்ராஸ்’ கறிப் பொடியும் இருந்தன. இரண்டிலும் மல்லி முக்கியப் பொருள். எத்திலீன் ஆக்சைடு விவசாயி தெளிக்கும் மருந்து அல்ல. அறுவடைக்குப் பின் மசாலாவில் உள்ள கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்துவது. கிருமி ஏறும் இடங்களில் நம் களமும் ஒன்று. தார்ச் சாலையிலும் மண் தரையிலும் காயவைத்தால் தூசி, சாணம், பறவை எச்சம் எல்லாம் மல்லியில் சேரும். ஏற்றுமதிக்கு வாங்குவோர் பரிசோதனையை இறுக்கும்போது இப்படிப்பட்ட சரக்குதான் முதலில் கழிக்கப்படும்.

எனவே, காய்கள் பச்சை மாறிப் பழுப்பேறும் பதத்தில் அறுத்து, தார்ப்பாய் விரித்து நிழலில் உலர்த்துங்கள். நிறமும் மணமும் நிற்கும். பூத்த பிறகு பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்த்தால் தேனீக்களும் பிழைக்கும், எஞ்சிய நஞ்சும் இருக்காது.

விற்பனை

கடன் நெருக்கடியில் களத்திலேயே கொடுத்துவிடுவதுதான் பெரிய இழப்பு. திருமங்கலம் போன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெறும் வசதி உண்டு. ஆனால் வடக்கே பயிர் நன்றாக இருக்கிறது என்ற செய்தி வந்தால் மாசி தாண்டிக் காத்திருக்க வேண்டாம். அங்கே மழையோ பனியோ பயிரைக் கெடுத்தால் மட்டும் இருப்பு வைப்பது பலன் தரும். விதைப்பதற்கு முன்பே வட்டார வேளாண் விற்பனை அலுவலரிடம் இருப்பு வசதியையும் கடன் நிபந்தனைகளையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.