ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் மின்சார பைக் வாங்க வேண்டாம்

 

2022இல் பெட்ரோல் செட் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அதனால் மின்சார பைக் பார்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால் 'ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர்' என்று கடையில் சொல்வது சமதரைக் கணக்கு. நம் வட்டகொடைக்குச் சரிவராது.

கணக்கைப் பாருங்கள். பைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து 200 கிலோ. 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற மட்டுமே சுமார் 1,100 வாட்ஸ் வேண்டும். 500 வாட்ஸ் மோட்டார் அங்கே திணறும். சில்லுக்குள் இருக்கும் ஹப் மோட்டார், பாரத்தோடு மெதுவாக ஏறும்போது சூடேறும். நடுவில் பொருத்தி, கியர் வழியாகச் சில்லைச் சுற்றும் மோட்டார் ஏற்றத்துக்கு நல்லது.

உச்ச வாட்ஸை விடுங்கள். தொடர்ந்து தரும் வாட்ஸைக் கேளுங்கள். ஈயப் பற்றரி விலை குறைவு, ஆனால் பாரம் கூட, ஆயுளும் குறைவு. லித்தியம் என்றால் வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள். லயத்துப் பழைய வயரைச் சரிபார்க்காமல் இரவில் சார்ஜ் போடாதீர்கள்.

பைக் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. பின்னால் ஒருவரை ஏற்றி நம் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பார்ப்போம்.