மூக்கின் மேல் பழி

திருவண்ணாமலையில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் முதலில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "கவுச்சி சமைப்பீங்களா?" ஆமாம் என்பவரிடம் சில வீட்டுக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள். "ஞாயித்துக்கெழம கறி எடுத்தா பரவாயில்ல. கருவாடு மட்டும் வேணாங்க. வாடை தாங்காது."

வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாறுவதெல்லாம் கெட்டுப்போனது, புளித்தது தாமசம், பழையதைத் தின்றால் புத்தி மந்தமாகும், வேறு வழியில்லாதவர்கள்தான் இதையெல்லாம் தின்பார்கள் என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. படித்தவர், பக்தர், யோகா வகுப்பு நடத்துபவர் எல்லோரும் இதில் ஒரே கட்சி. மூக்கு பொய் சொல்லாது என்பதுதான் அந்தக் கட்சியின் ஒரே சாட்சி.

மூக்கு நன்றாகவே பொய் சொல்லும். ஐசோவலெரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சீஸிலும் இருக்கிறது, வியர்த்துப்போன சாக்ஸிலும் இருக்கிறது. 2005இல் வெளியான ஆய்வொன்றில் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் அதைச் சிலரிடம் முகரக் கொடுத்தார்கள். 'செடார் சீஸ்' என்று எழுதிக் காட்டியபோது கிடைத்த மதிப்பெண், அதே வாசனைக்கு 'உடம்பு நாற்றம்' என்று எழுதிக் காட்டியபோது சரிந்துவிட்டது. முகர்ந்தவர்களின் மூளையைப் படம் பிடித்ததிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. மூக்குக்குள் போனது ஒன்றுதான். மேலே ஒட்டிய சீட்டு வேறு.

நம் ஊரில் அந்தச் சீட்டை யார் ஒட்டுகிறார்கள் என்று பார்க்கச் செங்கம் சாலைக்குப் போனால் போதும். ரமணாசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டினரை நம்பி நடக்கும் கஃபேக்களில் சவர்டோ ரொட்டி கிடைக்கிறது, கொம்புச்சா கிடைக்கிறது. சர்க்கரை போட்ட டீத்தண்ணீரைப் புளிக்க வைத்ததுதான் கொம்புச்சா. ஊறும் ஜாடியின் மேலே வழவழவென்று தடித்த ஆடை மிதக்கும். அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தால் குடலுக்கு நல்லது என்று உறிஞ்சுகிற நம்மவர்கள், பழைய சோற்றுப் பானையின் நீராகாரத்தை 'ஊசிப்போன தண்ணி' என்கிறார்கள். இரண்டையும் புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக் குடல்நோய் மருத்துவர்கள் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்ததும் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. வெயிலில் வேலைக்குப் போகிறவர் தூக்குவாளியில் கொண்டுபோனபோது வராத மரியாதை, டாக்டர் வாயால் வர வேண்டியிருக்கிறது.

கருவாட்டுக்கு இன்னும் டாக்டர் கிடைக்கவில்லை. அது அழுகிய மீன் என்பதைப் போல அபாண்டம் வேறில்லை. மீன் அழுகாமல் இருக்கத்தான் உப்பும் வெயிலும். உப்பு ஈரத்தை இழுத்துவிடுகிறது, மிச்சத்தை வெயில் வாங்கிக்கொள்கிறது, அழுகவைக்கும் கிருமிக்குப் பிழைக்க வழியில்லை. கடலிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இந்த ஊருக்கு, ஐஸ் பெட்டி வராத காலத்தில் கடல் மீன் வந்த வழி அதுதான். வாடை இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் சமைப்பவருக்கு அதைக் கையாளத் தெரியும். நெத்திலியின் தலையைக் கிள்ளி, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, மண் போகும்வரை நாலைந்து தடவை அலசி, கத்தரிக்காயும் மொச்சையும் வெந்துகொண்டிருக்கும் குழம்பில் போடுவார். மீன் வாடைக்குக் காரணமான அமின், புளியின் அமிலத்தில் கட்டுண்டு ஆவியாகாமல் அடங்கிவிடும். வேதியியல் படிக்காமலே புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். உப்பு அதிகம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவோடுதான் சாப்பிட வேண்டும். இந்த எச்சரிக்கை ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் பொருந்தும். அவற்றை வைத்து யாருக்கும் வீடு மறுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

வாடைக்காக வீட்டை விட்டுத் துரத்திய கதை ஜெர்மனியிலும் உண்டு. ஸ்வீடன்காரர்கள் விரும்பித் தின்னும் சூர்ஸ்ட்ரோமிங், டப்பாவுக்குள்ளும் புளித்து உப்பிக்கொள்ளும் ஹெர்ரிங் மீன். 1981இல் அதன் தண்ணீரை மாடிப்படியில் ஊற்றிய ஒருவரை வீட்டுக்காரர் வெளியேற்றினார். வழக்கு நடந்தபோது நீதிமன்றத்திலேயே ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார்கள். தீர்ப்பு வீட்டுக்காரர் பக்கம். நியாயம்தான், அங்கே படியில் ஊற்றியிருக்கிறார். இங்கே தன் அடுப்பில் தன் சட்டியில் கொதிக்க வைப்பவருக்கும் அதே தண்டனை, அதுவும் குடிவருவதற்கு முன்பே.

சாஸ்திரத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. கீதையின் பதினேழாம் அத்தியாயம் ஆறிப்போனதையும் நாறுவதையும் முதல்நாள் மிஞ்சியதையும் தாமசரின் உணவு என்கிறது, உண்மை. புளித்ததை விலக்கிய மனுஸ்மிருதியோ தயிருக்கும் தயிரில் செய்ததற்கும் விலக்கு கொடுத்துவிட்டது. பிடித்த புளிப்புக்கு ஒரு சட்டம், பிடிக்காத புளிப்புக்கு வேறு சட்டம். பழையது ஆகாது என்பவர்கள் ரமணாசிரம அடுக்களையில் வேலை செய்த பெண்களின் நினைவுக் குறிப்புகளைப் புரட்டலாம். முதல்நாள் மிஞ்சியதைத் தொடக் கூடாது என்ற ஆசாரத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். ரமணரோ விடியற்காலையில் உள்ளே வந்து, மிஞ்சிய சாம்பாரைச் சூடுபண்ணிக் காலை இட்லிக்கு வைத்துவிடுவார். உணவை வீணாக்கக் கூடாது என்பது அவருக்கு ஆசாரத்தைவிடப் பெரிய விதி. ஆசிரமத்தில் கருவாடு வெந்தது என்று நான் சொல்ல வரவில்லை; மிஞ்சியது தீட்டு என்ற பேச்சு அந்த அடுக்களையில் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

2023 ஆகஸ்டில் இங்கே வந்த ஆளுநர் ஆர்.என்.ரவி, கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது பக்தர்களுக்கு வேதனை தருகிறது என்று பேசினார். எந்த பக்தர்கள்? சிவனுக்கு இறைச்சி படைத்த கண்ணப்பரை இழுக்கப் போவதில்லை, அவரை எல்லோரும் இழுத்தாயிற்று. ஆடி மாதத்தைப் பார்ப்போம். படவேடு ரேணுகாம்பாளைக் கும்பிடும் இதே மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் வெந்த பானையில் ஊற்றித் துடுப்பால் கிண்டி இறக்கிய கூழ். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் அதற்குத் துணை. புளித்ததும் நாறுவதும் சேர்ந்துதான் அங்கே பிரசாதம், அதைக் குடிக்கிறவரும் பக்தர்தான். அவருக்கு வேதனை வந்தால் யார் பேசுவார்கள்?

மறுபடி வாடைக்கே வருகிறேன், வீட்டுக்காரரின் வாதம் அதுதானே. அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டினால் வாடையில் பெரும்பகுதி வெளியே போய்விடும். இரண்டாயிரம் மூவாயிரத்தில் முடிகிற வேலை. "என் செலவுல மாட்டிக்கிறேன், காலி பண்றப்ப உங்களுக்கே விட்டுட்டுப் போறேன்" என்று குடிவர நினைப்பவர் சொல்லிப் பார்க்கட்டும். வீட்டுக்காரர் சாவியை எடுக்க மாட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீங்க எந்த ஊர்ல, எந்தத் தெரு?" என்று கேட்பார்.