கிண்ணத்தின் ஓசை நோயைத் தீர்க்குமா?

பாயை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

அறையின் நடுவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிண்ணங்கள். சில வெண்கலம். சில பளிங்கு போல வெள்ளை. ஒன்றை மெல்லத் தட்டுகிறார். இன்னொன்றின் விளிம்பைக் கட்டையால் தேய்க்கிறார். கோயில் மணியை அடித்த பிறகு நெடுநேரம் ஒரு ரீங்காரம் நிற்குமே, அதைப் போன்ற ஓசை எழுகிறது. ஒன்று அடங்குமுன் அடுத்தது கிளம்புகிறது. ஒரு மணி நேரம் இப்படியே.

சிலர் குறட்டை விடுகிறார்கள். யாரும் கோபிப்பதில்லை!

இதற்குத்தான் "ஒலிக் குளியல்" என்று பெயர். ஆங்கிலத்தில் "சவுண்ட் பாத்" என்கிறார்கள். தண்ணீர் கிடையாது, சோப்பு கிடையாது. ஓசையில் நனைவதுதான் குளியல்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யோகா நிலையங்களிலும் பெரிய ஓட்டல்களிலும் இது நடக்கிறது. இந்தியாவின் பெரிய நகரங்களுக்கும் வந்துவிட்டது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், இத்தகைய இசைக்கருவிகளைச் செய்யும் "ஸ்வரம்" என்ற பட்டறையே இருக்கிறது.

உடல் நலத்தின் பெயரால் உலகமெங்கும் எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்று "குளோபல் வெல்னஸ் இன்ஸ்டிடியூட்" என்ற நிறுவனம் கணக்கெடுத்து வருகிறது. சத்துணவு, உடற்பயிற்சி, அழகு சாதனம், சுற்றுலா எல்லாம் சேர்த்து, 2023-ம் ஆண்டில் அது 6.3 லட்சம் கோடி டாலராம். ஒலிக் குளியல் அந்தக் கடலில் ஒரு துளி.

பணம் கொடுத்துப் படுக்கிறவர்கள் எதை வாங்குகிறார்கள்? ஓய்வையா, வைத்தியத்தையா? விளம்பரங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கின்றன. தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

வெள்ளிக் கிரகத்து ஆசாமி

கலிபோர்னியா மாநிலத்தின் பாலைவனத்தில் லாண்டர்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வட்ட மண்டபம் நிற்கிறது. உயரம் 38 அடி. குறுக்களவு 55 அடி. மரத்தால் கட்டியது. பெயர் "இன்டக்ரட்ரான்".

கட்டியவர் ஜார்ஜ் வான் டாசல். விமானக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். 1953-ம் ஆண்டில் ஓர் இரவு, வெள்ளிக் கிரகத்திலிருந்து ஒருவர் பறக்கும் தட்டில் வந்து தம்மை எழுப்பியதாக அவர் சொன்னார். கிழவரை வாலிபராக்கும் யந்திரத்தைக் கட்டும் வழியையும் அந்த ஆசாமியே சொல்லிக் கொடுத்தாராம்! வான் டாசல் அதை முழுமனதாக நம்பினார். நன்கொடை திரட்டினார். ஆண்டுக்கணக்கில் கட்டினார்.

1978-ல் அவர் இறந்துபோனார். யந்திரம் முடியவில்லை. யாருக்கும் இளமை திரும்பவில்லை.

ஆனால் மண்டபம் நின்றது. அதன் வளைந்த மரக் கூரையில் ஓசை பட்டுத் திரும்பும்போது அருமையாக ஒலிக்கிறது. அதைக் கண்டுகொண்ட பின்னால் வந்தவர்கள், அங்கே கிண்ணங்களை வைத்து ஒலிக் குளியல் நடத்துகிறார்கள். தொலைதூரத்திலிருந்து ஜனங்கள் வந்து படுத்துவிட்டுப் போகிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலிலும் மண்டபம் இடம் பெற்றது.

சாகாவரம் தருவதாகச் சொன்ன இடம் இன்று ஒரு மணி நேர ஓய்வைத் தருகிறது. கெட்ட பேரம் என்று சொல்வதற்கில்லை.

கிண்ணத்தின் பூர்வீகம்

வெண்கலக் கிண்ணத்தை "திபெத்துக் கிண்ணம்" என்று விற்கிறார்கள். "லாமாக்கள் ஆயிரம் ஆண்டுகளாக இதைக் கொண்டு நோய் தீர்த்தார்கள்" என்று கதையும் சொல்கிறார்கள். திபெத்தியரிலேயே பலர் இதை மறுக்கிறார்கள். மேல்நாட்டில் இந்த ஓசை பரவ முக்கிய காரணம், 1972-ல் வெளிவந்த "திபெத்தன் பெல்ஸ்" என்ற இசைத்தட்டு. சந்தைக்கு வரும் கிண்ணங்களில் பெரும்பகுதி நேபாளத்திலும் இந்தியாவிலும் தட்டிச் செய்தவை. ஏழு கிரகங்களுக்கு ஏழு உலோகம் கலந்தது என்பார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமுந்தான். நம் வீட்டு வெண்கலப் பாத்திரமும் அதே கலப்புத்தான்.

வெள்ளைக் கிண்ணத்தின் கதை இன்னும் வேடிக்கை. கம்ப்யூட்டருக்கு வேண்டிய சிலிக்கானை உருக்குவதற்குக் குவார்ட்ஸ் என்ற பொருளால் மூசை செய்வார்கள். அந்த மூசையைத் தட்டிய யாரோ ஒருவர் அதன் நாதத்தில் மயங்கினார். தொழிற்சாலைப் பாத்திரம் தியான அறைக்கு வந்து சேர்ந்தது!

உடம்பில் என்ன நடக்கிறது?

கிண்ணத்தில் இரண்டு ஓசைகள் சேர்ந்து பிறக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். மிகச் சிறிய வேற்றுமைதான். அதனால் ஓசை "வோம்... வோம்..." என்று ஏறி இறங்குகிறது. தாலாட்டுப் போல. படுத்திருப்பவரின் மூச்சு மெல்ல மெல்ல நிதானப்படுகிறது. மூச்சு நிதானப்பட்டால் நெஞ்சின் படபடப்பும் குறையும். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

சான்டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 62 பேரைப் படுக்க வைத்துக் கிண்ணங்களை ஒலித்தார்கள். முன்னும் பின்னும் கேள்விகள் கேட்டார்கள். மனஇறுக்கம், கோபம், சோர்வு எல்லாம் குறைந்திருந்தன. 2016-ல் இந்த முடிவு வெளிவந்தது. இன்றுவரை விளம்பரக்காரர்கள் இதையே எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் ஒரு குறை. கிண்ணம் இல்லாமல் வெறுமே படுத்திருந்த வேறொரு கூட்டத்தோடு இவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அமைதியான அறையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்தால் யாருக்குத்தான் கோபம் தணியாது? அரிசி ஆட்டி, துணி துவைத்து, பிள்ளைகளை மேய்த்துக் களைத்த தாய்மார்களைக் கேட்டால் தெரியும்.

2020-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், கிண்ணச் சிகிச்சையைப் பற்றி அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தேடினார்கள். கணக்கில் எடுக்கத் தக்கவை நான்கே நான்கு! பலன் இருக்கலாம் என்றாலும், சிகிச்சையாகச் சிபாரிசு செய்ய இந்தச் சான்று போதாது என்று எழுதினார்கள்.

இன்னொரு பரிசோதனை 2006-ல் இத்தாலிய டாக்டர்களால் வெளியிடப்பட்டது. 24 பேருக்குப் பலவகைச் சங்கீதத்தைப் போட்டுக் காட்டி, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். வேகமான பாட்டுக்கு அவை ஏறின. நடுவில் இரண்டு நிமிடம் பாட்டை நிறுத்தினார்கள். அப்போதுதான் அதிசயம்! எந்தச் சங்கீதத்தையும்விட அந்த இரண்டு நிமிட மௌனத்தில்தான் உடம்பு அதிகமாக இளைப்பாறியது. மௌனத்துக்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை.

"528" என்ற மந்திர எண்

ஒரு வினாடிக்கு 528 தடவை அதிரும் ஓசை, உடம்பின் மரபணுவையே பழுது பார்க்கும் என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள். செல்போனில் இந்த ஓசையைக் கேட்டபடியே தூங்குகிறவர்கள் ஏராளம். நோயாளிகளிடம் இதை நிரூபித்த பரிசோதனை கிடையாது.

கொஞ்சம் யோசித்தாலே விஷயம் விளங்கும். வினாடி என்பது மனிதன் வகுத்த அளவு. ஒரு நாளை அவன் வேறு விதமாகப் பிரித்திருந்தால் அதே ஓசைக்கு வேறு எண் வந்திருக்கும். மரபணுவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?

ஆஸ்பத்திரியில் ஒலி

அப்படியானால் ஒலிக்கு வைத்தியத்தில் இடமே இல்லையா? இருக்கிறது.

1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தியில்லாமல் உடைத்தார்கள். வெளியிலிருந்து அதிர்ச்சி அலைகளைப் பாய்ச்சியதும் கல் பொடியானது. கைநடுக்க நோய் ஒன்றுக்குக் காதில் கேட்காத ஒலியை மூளையின் ஒரே புள்ளியில் குவித்துச் செய்யும் சிகிச்சையை, 2016-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. கிண்ணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயரில்தான் ஒற்றுமை.

காதுக்கு இனிய சங்கீதமும் ஆஸ்பத்திரியில் உதவுகிறது. ஆபரேஷன் நோயாளிகளிடம் நடந்த 73 பரிசோதனைகளைத் தொகுத்து, 2015-ல் "லான்செட்" மருத்துவப் பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் பயமும் குறைந்தன. வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. ஆனால் மருந்தே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களும் குறையவில்லை. ஆபரேஷனும் நடந்தது, பாட்டும் இருந்தது. 

மாத்திரையை நிறுத்தலாமா?

இரத்த அழுத்தம் உள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒலிக் குளியலுக்குப் போகிறார். எழுந்து வரும்போது உடம்பு பஞ்சாய் இருக்கிறது. "இதுவே போதும், மாத்திரை எதற்கு?" என்று நினைக்கிறார். இரத்த அழுத்தமோ அறிகுறி காட்டாத நோய். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த கணக்குப்படி, 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் 46 சதவீதத்தினருக்கு இருப்பதே தெரியாது! உடம்பு லேசாக இருப்பதை வைத்து அழுத்தம் குறைந்ததென்று சொல்லிவிட முடியாது. மாத்திரையை நிறுத்தினால் அது மறுபடி ஏறும். ஒரு நாள் கை கால் விழுந்துவிடலாம்.

புற்றுநோய்க் கட்டியோடு கிண்ண ஓசையை நம்பிக் காத்திருப்பவருக்கு நஷ்டம் கட்டணம் மட்டும் அல்ல. போன மாதங்கள் திரும்பி வரா.

வலிப்பு நோயாளிகள், கர்ப்பிணிகள், நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும் என்று குளியல் நடத்துகிறவர்களில் பலரே எச்சரிக்கிறார்கள். அது நல்ல பழக்கம்.

இந்தியாவில் 1954-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. புற்றுநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உட்பட 54 நோய்களுக்கு மருந்தோ மந்திரமோ குணம் தரும் என்று விளம்பரம் செய்வது குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம், அல்லது இரண்டும். கிண்ணத்தின் ஓசை மருந்தா, மந்திரமா என்று வக்கீல்கள் வாதாடலாம்.

விளம்பரம் எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். நோயின் பெயரைச் சொல்வதில்லை. "சக்தி ஓட்டம்", "சமநிலை", "உள்ளிருந்து குணம்" என்ற சொற்கள் மேலே, கொட்டை எழுத்தில். "டாக்டரின் சிகிச்சைக்கு இது மாற்று அல்ல" என்ற வரி கீழே, பொடி எழுத்தில்.